யாஷிகாவில் எந்த மாடல்? நம் ஊர் ஸ்டூடியோக் கேமராவின் கதை



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதமாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் நம் தம்பி ஒருவர் பழைய பிலிம் கேமரா வாங்கப் போகிறார். யாஷிகா மேட் 124ஜி வாங்கலாமா, யாஷிகா டி போதுமா, 635 என்று ஒன்று சொல்கிறார்களே அது எப்படி என்று கேட்டிருந்தார். ஆளுக்கொரு பதில் வந்தது. கடைசியில் "சார் சொல்லட்டும்" என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

நான் போட்டோகிராபர் இல்லை. ஆனால் பள்ளிக் குழுப்படம், ஆண்டுவிழாப் படம் எடுக்கும் பொறுப்பு பல வருடம் என் தலையில் இருந்தது. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஸ்டூடியோக்காரர்களோடு நல்ல பழக்கம். அவர்கள் கேமராவைப் பிரித்துத் துடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்டதையும் பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தம்பி இன்று கேட்கும் இதே கேள்வியை நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் ஐம்பது, அறுபது வருடத்துக்கு முன்னால் கேட்டார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி எடுத்த முடிவு. அவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்களோ, அதன் வழியாகத்தான் நம் தாத்தா பாட்டிகளின் முகம் இன்று நமக்குத் தெரிகிறது.

நூற்றிருபது என்ற பிலிம்

இப்போது பிள்ளைகள் "மீடியம் பார்மட்" என்கிறார்கள். ஸ்டூடியோக்காரர்கள் வாயில் அது "நூத்தியிருபது" அல்லது "பெரிய பிலிம்". 120 என்பது அளவு அல்ல, கோடாக் கம்பெனி தன் பிலிம் வகைகளுக்குப் போட்ட வரிசை எண். 1901இல் பிரௌனி பெட்டிக் கேமராவுக்காக வந்தது. கறுப்புக் காகிதத்தோடு சேர்த்துச் சுருட்டிய பிலிம். காகிதத்தின் முதுகில் எண்கள் அச்சிட்டிருக்கும். கேமராவின் பின்னால் ஒரு சிவப்புச் சன்னல் இருக்கும். அதன் வழியாக அடுத்த எண் வரும் வரை சுற்ற வேண்டும். நூற்றிருபது வருடம் தாண்டியும் அதே பிலிம் இன்றும் தயாராகிறது.

சுருள் பிலிம் வருவதற்கு முன்னால் பெரும்பாலும் கண்ணாடித் தகடும் காகித நெகட்டிவும்தான். 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மதுரைக்கு வந்து மீனாட்சியம்மன் கோவிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். மெழுகு தடவிய பெரிய காகித நெகட்டிவில் எடுத்தார். கட்டடம் அசையாது, அதனால் எடுக்க முடிந்தது. குடியானவன் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தக் கேமரா வராது. சுருள் பிலிமும் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கேமராவும் வந்த பிறகே அது வந்தது.

120 பிலிமில் சதுரமாகப் படம் எடுத்தால் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். ஒவ்வொரு நெகட்டிவும் ஏறக்குறைய 56 மில்லிமீட்டருக்கு 56 மில்லிமீட்டர். பின்னால் வந்த 35 எம்.எம். சின்னப் பிலிமில் ஒரு படம் 24க்கு 36. பரப்பளவைப் பெருக்கிப் பாருங்கள், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். 3136, 864. மூன்றரை மடங்குக்கும் கூடுதல்.

இந்த மூன்றரை மடங்கு எதற்கு உதவும்? கல்யாண வீட்டில் ஐந்து மீட்டர் அகலத்துக்கு உறவுகளை நிற்கவைத்து ஒரு படம் எடுக்கிறார்கள். பெரிய பிலிமில் ஒருவர் முகம் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக விழும். சின்னப் பிலிமில் ஒன்றரை மில்லிமீட்டர் கூட வராது. வித்தியாசம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் நம் வீடுகளில் எத்தனை பேருக்கு அந்தக் குழுப்படம் ஒன்றுதான் வாழ்நாளில் எடுத்த படம்! பிறகு அவர்கள் இறந்துபோனால் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். ஸ்டூடியோக்காரர் அந்தப் பழைய நெகட்டிவைத் தேடி எடுத்து, அந்த ஒரு முகத்தை மட்டும் பெரிதாக்கி, பக்கத்தில் நின்றவரின் தோளைத் தூரிகையால் மறைத்து, நரைத்த இடத்தில் மை தீட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தருவார். எங்கள் பெரிய அத்தையின் படம் அப்படி வந்ததுதான். அவர் தனியாக உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டதே இல்லை. அந்தக் கல்யாணத்தைச் சின்னப் பிலிமில் எடுத்திருந்தால் அவர் முகம் புள்ளிப் புள்ளியாகச் சிதறியிருக்கும்.

ஜெர்மனியிலிருந்து ஜப்பான் வழியாக

மேலே ஒரு கண், கீழே ஒரு கண் உள்ள கேமராவை எல்லோரும் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். மேல் கண் பார்ப்பதற்கு, கீழ்க் கண் பிலிமுக்கு. 1929இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பிராங்கே, ஹைடெக்கே என்ற இருவரின் தொழிற்சாலை ரோலிஃபிளெக்ஸ் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. சில வருடங்களில் அது 120 பிலிமுக்கு மாறியது. விலை குறைந்த தம்பியாக 1933இல் ரோலிகார்டு வந்தது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா கையிலும் ரோலிஃபிளெக்ஸ் இருந்தது.

போருக்குப் பிறகு ஜப்பானில் பல கம்பெனிகள் இதே மாதிரியில் குறைந்த விலைக் கேமரா செய்யத் தொடங்கின. அவற்றில் ஒன்று நாகானோ மாகாணத்தில் 1949இல் தொடங்கிய யாஷிமா. மின்கடிகாரத்துக்கு உதிரிபாகம் செய்த சின்னப் பட்டறை அது. 1953இல் யாஷிமாஃபிளெக்ஸ் என்ற இரட்டைக்கண் கேமராவை வெளியிட்டது. 1958இல் கம்பெனியின் பெயரே யாஷிகா ஆனது. ரோலிஃபிளெக்ஸ் வாங்க வசதியில்லாத உலகத்துக்கு யாஷிகா கேமரா கொடுத்தது. அந்த உலகத்தில் நம் தாலுகாவும் உண்டு.

இங்கே எப்படி வந்தது

1957 வாக்கில் இந்தியாவுக்கு அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையானது. கேமரா ஆடம்பரப் பொருள். லைசென்சும் தீர்வையும் தாண்டிக் கடைக்கு முறையாக வந்தது கொஞ்சம். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து திரும்பும் உறவினர் பெட்டியில் வந்தது அதிகம். பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்களுக்காக 1969இல் சென்னையில் பர்மா பஜார் அமைந்தது. பிறகு அங்கே போய் வாங்கியவர்களும் உண்டு. தெற்கே உள்ளவர்கள் பெரும்பாலும் வேறொரு போட்டோகிராபர் பயன்படுத்தியதைத்தான் வாங்கினார்கள். ஆகவே, இன்று நீங்கள் இணையத்தில் பழைய கேமராவுக்கு மாடல் பார்த்து அலைவது புதிய சங்கதி இல்லை. நம் ஊரில் யாஷிகா பெரும்பாலும் இரண்டாம் கையாகவே வந்தது.

சாதாரண வீடுகளுக்கு வடோதராவில் நியூ இந்தியா இண்டஸ்டிரீஸ் தயாரித்த ஆக்ஃபா கிளிக் 3 இருந்தது. அதுவும் 120 பிலிம்தான், அதே பன்னிரண்டு சதுரப் படம். வெயில், மேகம் என்று இரண்டு மூன்று அடையாளம் போட்டிருக்கும். குழந்தைகூட எடுக்கலாம். உங்களில் பலர் வீட்டில் மொட்டைமாடியில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருந்தால், அது இந்தக் கிளிக் கேமராவில் எடுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேமரா வந்தால் போதுமா, பிலிம் வேண்டுமே. 1960இல் மத்திய அரசு நம் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கியது. பிலிம் தயாரிக்கத் தூசியில்லாத காற்றும் குளிர்ச்சியும் சுத்தமான தண்ணீரும் வேண்டும். அதனால் நீலகிரியைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரெஞ்சுக் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தி தொடங்கியது. பிலிமின் பெயர் "இந்து". அந்த இடம் இன்றும் இந்து நகர்தான். கிழக்கு ஜெர்மனியிலிருந்து ஆர்வோ பிலிமும் வந்தது. அந்த நாட்டோடு டாலர் இல்லாமல் ரூபாயிலேயே வணிகம் செய்யும் ஏற்பாடு இருந்ததால் அது சுலபமாகக் கிடைத்தது. நம் வீட்டுப் பழைய படங்களுக்குப் பின்னால் ஊட்டிக் குளிரும் கிழக்கு ஜெர்மனியின் ரூபாய்க் கணக்கும் இருக்கின்றன.

ஸ்டூடியோக்காரர் முன்னால் இருந்த மாடல்கள்

இனி மாடல்களுக்கு வருகிறேன். யாஷிகா இரட்டைக்கண் கேமராவில் ஏராளமான வகை. நம் பக்கத்துக்குத் தொடர்புள்ளதை மட்டும் சொல்கிறேன்.

யாஷிகா ஏ: அடிமட்ட மாடல். சிவப்புச் சன்னல் பார்த்துச் சுற்ற வேண்டும்.

யாஷிகா டி: 1958இல் வந்தது. திருகு போல ஒரு குமிழைச் சுற்றினால் அடுத்த படத்துக்குத் தானே நின்றுவிடும். ஆனால் ஷட்டரைத் தனியாக ஒரு நெம்புகோலால் ஏற்ற வேண்டும். முதலில் மூன்று கண்ணாடி கொண்ட யாஷிகார் லென்ஸ். பிற்கால டி மாடல்களில் நான்கு கண்ணாடி கொண்ட யாஷினான் லென்ஸ்.

யாஷிகா 635: இதுவும் 1958. பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. 6க்கு 6 சென்டிமீட்டர் பெரிய படமும் எடுக்கலாம். துணைக்கருவியை மாட்டினால் 35 எம்.எம். சின்னப் பிலிமும் போடலாம்.

யாஷிகா மேட்: 1957. பக்கத்தில் மடக்கும் கைப்பிடி. ஒரு சுற்றில் பிலிமும் நகரும், ஷட்டரும் ஏறும். நான்கு கண்ணாடி லென்ஸ். இதோடு வெளிச்சமானி சேர்த்தது எல்.எம். மாடல்.

யாஷிகா 24: 220 பிலிமுக்கு மட்டும். 220 என்பது முதுகுக் காகிதம் இல்லாமல் இரட்டை நீளத்தில் 1965இல் வந்த பிலிம். ஒரு சுருளுக்கு 24 படம். அதன் இணை மாடல் யாஷிகா 12. அது 120க்கு மட்டும்.

மேட் 124: 1968. பெயரில் உள்ள 12, 24 இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 120, 220 இரண்டும் போடலாம்.

மேட் 124ஜி: 1970இல் வந்து 1986 வரை தயாரானது. கறுப்பு உடல். "ஜி" என்றால் கோல்டு. மின் இணைப்பு முனைகளுக்குத் தங்க முலாம் பூசியதால் அந்தப் பெயர்.

சரி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்டூடியோ வைத்திருப்பவர் இவற்றில் எதை வாங்குவார்?

220 பிலிம் நம் பக்கத்துக் கடைகளில் விற்று நான் பார்த்ததில்லை. அதனால் இரட்டை நீளச் சுருள் என்ற வசதி இங்கே யாருக்கும் பயன்படவில்லை. வெளிச்சமானியையும் அவர்கள் பெரிதாக மதிக்கவில்லை. ஸ்டூடியோவுக்குள் விளக்கு இருக்கும் இடம் மாறாது. வெளியே இன்ன வெயிலுக்கு இன்ன எண் என்று மனப்பாடம். "மீட்டர் கண்ணில் இருக்கு சார்" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். ஆக, கம்பெனி விளம்பரத்தில் எதைப் பெருமையாகச் சொன்னதோ அதற்கு இங்கே மதிப்புக் குறைவு.

அவர்கள் பார்த்தது வேறு. கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரம் சில விநாடி. டி மாடலில் குமிழைச் சுற்றி, பிறகு ஷட்டரை ஏற்றி, பிறகு எடுப்பதற்குள் மூன்றாம் முடிச்சு விழுந்துவிடும். மேட் மாடலில் ஒரே சுற்று. அதனால் கல்யாணம் அதிகம் எடுப்பவர்கள் மேட் வாங்கினார்கள். உள்ளே உட்காரவைத்து மட்டும் எடுப்பவர்களுக்கு அவசரம் இல்லை. அவர்களுக்கு டி போதும். கலர்ப் படம் கேட்கும் வாடிக்கையாளரும் உண்டு, பெரிய பிலிமில் கலர் எடுத்தால் கட்டுபடியாகாது என்று நினைத்தவர்களுக்கு 635 ஒரு கேமராவில் இரண்டு கேமரா.

டி மாடலுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. பிலிமை நகர்த்துவதும் ஷட்டரை ஏற்றுவதும் தனித்தனி வேலை என்பதால், பிலிமை நகர்த்தாமலே மறுபடி ஒரு படம் எடுக்கலாம். கவனம் தப்பினால் இரண்டு படம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கெட்டுவிடும். ஆனால் கெட்டிக்காரர்கள் அதையே தொழிலாக்கினார்கள். 1958இல் சிவாஜியின் "உத்தம புத்திரன்", 1965இல் எம்.ஜி.ஆரின் "எங்க வீட்டுப் பிள்ளை" என்று இரட்டை வேடப் படங்கள் ஓடிய காலம். இளவட்டங்களுக்குத் தாங்களும் "டபுள் ஆக்ட்" போட ஆசை. லென்ஸின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒருமுறை, ஆளை இடம் மாற்றி மறுபாதியை மறைத்து ஒருமுறை. முடிந்தால் ஒரே ஆள் தனக்குத் தானே சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருப்பார். எங்கள் சித்தப்பா ஒருவர் அப்படி எடுத்த படம் இன்னும் வீட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் வேட்டி, மறுபக்கம் பேண்ட். விலை உயர்ந்த மேட் இந்த வித்தைக்கு லேசில் இடம் கொடுக்காது. ஒருமுறை எடுத்தால் சுற்றினால்தான் அடுத்தது.

பழுது பார்ப்பதும் ஒரு கணக்கு. மேட்டின் கைப்பிடிக்குள் பல்சக்கரங்கள் அதிகம். தேய்ந்தால் மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும். முகூர்த்த மாதத்தில் கேமரா ஒரு வாரம் மதுரையில் கிடந்தால் வருமானம் போயிற்று. டி மாடலில் உறுப்புகள் குறைவு, தொல்லையும் குறைவு. அதனால் வசதி வந்தவர்கள்கூட மேட் வாங்கிய பிறகும் பழைய டியை விற்காமல் துணைக்கு வைத்திருந்தார்கள்.

அந்தக் கேமரா நமக்குக் கொடுத்த முகம்

இந்தக் கேமராவைக் கண்ணுக்கு நேரே வைப்பதில்லை. மார்பு உயரத்தில் வைத்து, மேலே உள்ள மூடியைத் திறந்து, தலை குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே தெரியும் உருவம் இடவலம் மாறித் தெரியும். போட்டோகிராபர் முகம் நமக்குத் தெரியாது, அவர் உச்சந்தலைதான் தெரியும். லென்ஸ் மார்பு உயரத்தில் இருப்பதால் நிற்பவர்கள் சற்று உயரமாக, நிமிர்ந்து தெரிவார்கள். பழைய படங்களில் ஏழைக் குடும்பமும் ஒரு கம்பீரத்தோடு நிற்பதற்கு அவர்களுடைய மனசு பாதிக் காரணம், இந்த உயரம் பாதிக் காரணம்.

பன்னிரண்டு படம்தான் என்பதால் ஒவ்வொன்றுக்கும் கவனம். "ஆடக் கூடாது, கண் சிமிட்டக் கூடாது, ரெடி" என்ற பிறகுதான் விரல் அசையும். கல்யாணத்துக்கு மூன்று சுருள் என்றால் 36 படம். அந்த 36க்குள் யார் யார் வர வேண்டும் என்று வீட்டுப் பெரியவர் பட்டியல் போடுவார். சம்பந்தி வீட்டார், தாய்மாமன், ஊர்ப் பெரியவர். சமையல்கட்டில் இருந்த பெண்கள், வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பட்டியலில் இல்லை. அவர்கள் எங்காவது ஓரத்தில், கதவுக்குப் பின்னால் பாதி முகமாக விழுந்திருப்பார்கள். இன்று அந்தப் படங்களைப் பார்க்கும்போது நான் முதலில் ஓரங்களைத்தான் பார்க்கிறேன். நெகட்டிவ் பெரிதாக இருந்ததால் ஓரத்தில் விழுந்த முகமும் இன்னும் அடையாளம் தெரிகிறது.

இன்னொரு வகைப் படமும் உண்டு. சொல்லச் சங்கடமாக இருந்தாலும் வரலாறு. வீட்டில் ஒரு சாவு நடந்தால் இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, குடும்பம் சுற்றி நின்று படம் எடுப்பார்கள். கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆள் அனுப்பி போட்டோகிராபரை அழைத்து வந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. உயிரோடு இருந்தபோது ஒரு படம் எடுக்க நினைக்காதவர்களுக்கு அன்றுதான் முதல் படம். அந்தப் படத்திலிருந்து முகத்தை எடுத்து, பென்சிலால் நெகட்டிவின் மீதே தொட்டுத் தொட்டு, மூடிய கண்ணைத் திறந்ததுபோல் வரைந்துகொடுத்த கலைஞர்கள் நம் பக்கத்தில் இருந்தார்கள். இதற்கும் பெரிய நெகட்டிவ்தான் வேண்டும். சின்னப் பிலிமில் பென்சில் முனைக்கே இடம் இருக்காது.

பெரிய பிலிம் போன விதம்

எண்பதுகளில் கலர் வந்தது. மதுரை போன்ற நகரங்களில் கலர் லேப்கள் வந்தன. அவை சின்னப் பிலிமை வேகமாகக் கழுவிப் பிரிண்ட் போட்டுத் தரும். 36 படம் ஒரே சுருளில். ஸ்டூடியோவின் இருட்டறைக்கு வேலை குறைந்தது. 1983இல் யாஷிகாவைக் கியோசெரா என்ற கம்பெனி எடுத்துக்கொண்டது. 1986இல் 124ஜி நின்றது. 2005இல் கியோசெரா கேமராத் தொழிலையே விட்டது. ஊட்டித் தொழிற்சாலை தொண்ணூறுகளில் நலிவடைந்த நிறுவனமாகி, பிறகு மூடப்பட்டது. டிஜிட்டல் வந்ததும் மிச்சமிருந்ததும் போயிற்று.

கேமராக்கள் போனது எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அவை எங்காவது கிடைக்கும், கிடைப்பதால்தானே தம்பி கேட்கிறார். போனது நெகட்டிவ்கள். ஒவ்வொரு ஸ்டூடியோவிலும் நாற்பது, ஐம்பது வருடத்து நெகட்டிவ்கள் உறை போட்டு, எண் எழுதி, பெட்டி பெட்டியாக இருந்தன. ஒரு ஊரின் கல்யாணம், சாவு, பாஸ்போர்ட், பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குள் இருந்தன. கடை மாறும்போது, பங்கு பிரிக்கும்போது, மழையில் நனைந்தபோது குப்பைக்குப் போயின. நெகட்டிவில் வெள்ளி இருக்கிறது என்று கிலோக் கணக்கில் வாங்கிப்போனவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டூடியோவில் மூன்று மூட்டை அப்படிப் போனதாகச் சொன்னார்கள். வாரிசுகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இடத்துக்கு வாடகை கொடுத்துக்கொண்டு, யாரும் கேட்டு வராத பெட்டிகளை எத்தனை வருடம் காப்பார்கள்?

நல்ல வேலையும் நடந்திருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்ட உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்பதிவு செய்திருக்கிறார்கள். ராஜா மகாராஜா படங்களுக்காக அல்ல, நம்மைப் போன்ற குடும்பங்களின் படங்களுக்காக. ஆனால் எல்லா ஊருக்கும் அவர்களே வர முடியாது.

சரி, எதை வாங்குவது?

தம்பிக்கு என் பதில். முதல் கேமரா என்றால் டி, அதிலும் யாஷினான் லென்ஸ் உள்ள பிற்கால மாடல் கிடைத்தால் நல்லது. மெதுவாக வேலை செய்யக் கற்றுக்கொடுக்கும், பழுதும் குறைவு. வேகம் வேண்டும் என்றால் மேட். 124, 124ஜி இரண்டுக்கும் லென்ஸ் ஒரே வகை. "ஜி"யின் தங்க முலாமுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அந்த முலாம் வெளிச்சமானிக்கானது, படத்துக்கானது அல்ல. வெளிச்சமானிக்கும் பாதரச பேட்டரி வேண்டும், அதை இப்போது யாரும் செய்வதில்லை. மாற்று பேட்டரி போட்டால் அளவு பிசகலாம். கைப்பேசியிலேயே வெளிச்சம் அளக்கும் செயலி இருக்கிறது, அது போதும். யாஷிகா 24 மட்டும் வேண்டாம். 220 பிலிமுக்கு எங்கே போவது?

மாடலைவிட முக்கியம் கையில் வரும் அந்த ஒரு கேமராவின் நிலைமை. லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்குச் சிலந்தி வலைபோலப் பூஞ்சை பிடித்திருக்கும். ஷட்டரை ஒரு விநாடியில் வைத்து இயக்கிக் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். பழைய எண்ணெய் இறுகியிருந்தால் ஒன்றரை, இரண்டு விநாடி இழுக்கும். லென்ஸ் பக்கத்தில் எம், எக்ஸ், வி என்ற நெம்புகோல் இருந்தால் எக்ஸில் விட்டுவிடுங்கள். "வி" என்பது தானியங்கி, பழைய கேமராவில் அதைத் தொட்டால் சிக்கிக்கொள்ளலாம். 124 வகை என்றால் பின் மூடிக்குள் உள்ள அழுத்துத் தகடு 120 என்ற நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். கதவு ஓரப் பஞ்சு உதிர்ந்திருந்தால் மாற்ற வேண்டும். கைப்பிடியைப் பலவந்தமாகச் சுற்றாதீர்கள்.

வாங்கும் முன் ஒரு வேலை

கேமரா வாங்குகிறவர்களும் வாங்காதவர்களும் இதைச் செய்யுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீட்டுப் பரணில், பீரோவில், பழைய டிரங்குப் பெட்டியில் நெகட்டிவ் இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் கல்யாண ஆல்பத்தின் கடைசி அட்டைக்குள் ஒரு காகித உறையில் இருக்கும். சதுரமாக, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் இருந்தால் அது நூற்றிருபது.

ஓரத்தைப் பிடித்து எடுங்கள், நடுவில் விரல் படக் கூடாது. துணியால் துடைக்க வேண்டாம். ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், தெரிந்தவரிடம் காட்டுங்கள். வினிகர் போலப் புளித்த வாடை அடித்தால் பிலிமின் அடித்தளமே சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் தனியாக வைத்து, முதலில் அதைப் படியெடுங்கள். பிளாஸ்டிக் உறையில் இருந்தால் நல்ல வெள்ளைக் காகித உறைக்கு மாற்றி, ஈரமில்லாத, சூடில்லாத இடத்தில் வையுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. லேப்டாப் திரையை முழு வெள்ளையாக்கி, நெகட்டிவைத் திரையில் படாமல் சற்று உயரத்தில் பிடித்து, கைப்பேசியில் படமெடுத்து நிறத்தைத் தலைகீழாக்கினால் முகம் தெரிந்துவிடும்.

பிறகு மிக முக்கியமான வேலை. அந்தப் படத்தை வீட்டில் மூத்தவரிடம் காட்டி, யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். இடமிருந்து வலம், பெயர், உறவு, ஊர், வருடம். கதவோரம் நிற்பவர் யார் என்றும் கேளுங்கள். நெகட்டிவ் இன்னும் ஐம்பது வருடம் இருக்கலாம். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சில வருடமே இருப்பார்கள். எங்கள் வீட்டிலேயே ஒரு குழுப்படத்தில் நான்கு பேர் யார் என்று சொல்ல இப்போது ஆள் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் பக்கம் பழைய ஸ்டூடியோக் குடும்பம் யாரையாவது தெரிந்தால், நெகட்டிவ் பெட்டி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், எனக்கும் ஒரு தகவல் கொடுங்கள். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய இருக்கிறது. உறை மாற்றி, எண் எழுதிக் கொடுக்க நான் வருகிறேன். ஸ்கேன் செய்யத் தெரிந்த பிள்ளைகள் உங்களில் இருக்கிறீர்கள்.

வீட்டில் கிடைத்த படங்களைப் பெயரோடு கீழே போடுங்கள். பார்க்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
கிருஷ்ணன்கோவில்